கீழ் கோர்ட்டில் கிரிமினல் வழக்கு ஆவணங்களைத் தேடுவதும் நகல் வாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் குமாஸ்தா. மாவட்டத் தலைநகர் ஒன்றின் கோர்ட் வளாகத்தில்தான் என் பகல் பொழுது முழுவதும் போகிறது. டீக்கடையில், சைக்கிள் ஸ்டாண்டில், நகல் பிரிவு ஜன்னலுக்கு வெளியே என்று என்னை நிறுத்தி ஜனங்கள் கேட்கிற கேள்விகளையும் நான் சொல்கிற பதில்களையும் இங்கே எழுதியிருக்கிறேன். எல்லாமே தமிழ்நாட்டு நடுவர் நீதிமன்றங்களையும் அமர்வு நீதிமன்றங்களையும் பற்றியவை.

பழைய கேஸ் ஒன்று. எந்த எண்ணும் ஞாபகம் இல்லை. எங்கே ஆரம்பிப்பது?

கோர்ட்டில் யாரும் பெயரை வைத்துத் தேட மாட்டார்கள். பதிவறைக்குள் ஒருமுறை எட்டிப் பார்த்தால் காரணம் புரியும். இரும்பு ரேக்குகளில் கூரை வரைக்கும் கட்டுகள். ஒவ்வொரு கட்டின் முகப்பிலும் வழக்கு எண்ணும் வருடமும் இருக்கும். “ராஜா, தகராறு கேஸ், பத்து வருஷத்துக்கு முன்னாடி” என்று சொன்னால் அங்கே இருப்பவர் உங்களைப் பரிதாபமாகப் பார்ப்பார்.

அதனால் முதல் வேலை, ஏதாவது ஒரு எண்ணைக் கண்டுபிடிப்பது. வீட்டில் தேடுங்கள். சம்மன், ஜாமீன் உத்தரவு, ஜாமீன்தாரர் கொடுத்த காகிதங்களின் ஜெராக்ஸ், அபராதம் கட்டிய ரசீது, இவற்றில் எதுவாக இருந்தாலும் அதில் ஒரு எண் இருக்கும். இல்லையென்றால் அப்போது ஆஜரான வக்கீலின் அலுவலகம். வக்கீல் இப்போது தொழிலில் இல்லாவிட்டாலும் அவருடைய குமாஸ்தாவிடம் பழைய டைரிகள் இருக்க வாய்ப்பு உண்டு. ஒருவர் மூன்று மாதம் அலைந்துவிட்டு என்னிடம் வந்தார். அவருக்கு ஜாமீன் கொடுத்த மாமா தன் டிரங்குப் பெட்டியில் அந்தக் காகிதத்தைப் பத்திரமாக வைத்திருந்தார். மாமாவிடம் யாருமே கேட்கவில்லை.

அதுவும் இல்லையா? வழக்கு பதிவான காவல் நிலையம், ஏறக்குறைய எந்த வருடம், எந்தப் பிரிவு என்ற மூன்றையும் எழுதிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். ஒவ்வொரு ஸ்டேஷனிலிருந்தும் கோர்ட் வேலைக்கென்று ஒரு காவலர் வருவார். ‘கோர்ட் ஏட்டு’ என்போம். பழைய குற்ற எண்ணைத் தேடிச் சொல்ல அவரைப் போல் வேறு ஆள் கிடையாது.

குற்ற எண், சி.சி., எஸ்.சி., பி.ஆர்.சி. என்கிறார்களே, இதெல்லாம் என்ன?

ஒரே வழக்குக்கு வெவ்வேறு கட்டத்தில் வைக்கிற வெவ்வேறு பெயர்கள். எஃப்.ஐ.ஆர். போட்டதும் ஸ்டேஷன் கொடுப்பது குற்ற எண். போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்து, நடுவர் அதைக் கோப்பில் எடுத்துக்கொண்டதும் சி.சி. எண் கிடைக்கும். சின்ன வழக்குகளுக்கு எஸ்.டி.சி. என்று போடுவார்கள். சூதாட்டம், பொது இடத்தில் தகராறு, குடித்துவிட்டு வண்டி ஓட்டியது போன்றவை பெரும்பாலும் இதில்தான் வரும்.

கொலை, கொலை முயற்சி மாதிரி அமர்வு நீதிமன்றம் விசாரிக்க வேண்டிய வழக்கு என்றால் நடுவர் நீதிமன்றத்தில் முதலில் பி.ஆர்.சி. எண் விழும். அங்கிருந்து மேலே அனுப்பியதும் எஸ்.சி. எண். இது தெரியாமல் பலர் பி.ஆர்.சி. எண்ணைப் பிடித்துக்கொண்டு நடுவர் நீதிமன்றத்தில் தீர்ப்பு நகல் கேட்டு நிற்பார்கள். தீர்ப்பு அங்கே சொல்லப்படவே இல்லை, கட்டும் அங்கே இல்லை. பி.ஆர்.சி. எண் கையில் இருந்தால் “இது எந்த எஸ்.சி. ஆனது?” என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இணையத்தில் தேட முடியுமா?

முடியும், காசு கிடையாது. ஈ-கோர்ட்ஸ் தளத்தில் ‘வழக்கு நிலை’ பகுதிக்குப் போய் மாநிலம், மாவட்டம், நீதிமன்ற வளாகம் என்று தேர்ந்தெடுங்கள். வழக்கு எண், எஃப்.ஐ.ஆர். எண், தரப்பினர் பெயர், வக்கீல் பெயர் என்று பல வழிகளில் தேடலாம். குற்ற எண் மட்டும் தெரிந்தவர்களுக்கு எஃப்.ஐ.ஆர். எண் தேடல் வரப்பிரசாதம். ஸ்டேஷனைத் தேர்ந்தெடுத்து எண்ணையும் வருடத்தையும் போட்டால், அது எந்தக் கோர்ட்டில் என்ன வழக்காக மாறியது என்று வந்துவிடும்.

வந்த பக்கத்தில் முதலில் குறித்துக்கொள்ள வேண்டியது சி.என்.ஆர். எண். 16 இடங்கள் கொண்டது: மாநிலத்துக்கு இரண்டு எழுத்து, மாவட்டத்துக்கு இரண்டு, கோர்ட்டுக்கு இரண்டு இடம், பிறகு ஆறு இலக்க எண், கடைசி நான்கு வருடம். இது ஒன்றை மட்டும் செல்போன் செயலியில் போட்டாலே அடுத்த வாய்தா, முந்தைய உத்தரவுகள் எல்லாம் தெரியும். கணினிக்கு முந்தைய காலத்தில் முடிந்த வழக்குகளை இங்கே எதிர்பார்க்காதீர்கள். அதற்கு நேரில்தான் போக வேண்டும்.

பெயரைப் போட்டுத் தேடினேன், ஒன்றும் வரவில்லை. வழக்கே இல்லை என்று அர்த்தமா?

அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். நம் பெயர்களை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறோம். ‘ழ’வுக்கு ஒருவர் இசட்-எச் போடுவார், இன்னொருவர் வெறும் எல். இனிஷியலை முன்னால் போட்டிருப்பார்கள், பின்னால் போட்டிருப்பார்கள், விட்டும் இருப்பார்கள். ‘செல்வம்’ என்பவர் போலீஸ் ரெக்கார்டில் ‘என்கிற குட்டி’யுடன் சேர்ந்து பதிவாகியிருப்பார். ஆகவே முழுப் பெயர் வேண்டாம். பெயரின் முதல் நான்கைந்து எழுத்துகளை மட்டும் போட்டு, சந்தேகமுள்ள ஒவ்வொரு வருடத்துக்கும் தனித்தனியாகத் தேடுங்கள். பல பேர் மேல் குற்றம் சாட்டிய வழக்கில் ‘ஏ-1’, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர்களில் முதல் ஆளின் பெயர்தான் முகப்பில் இருக்கும். நீங்கள் ஏ-4 என்றால் ஏ-1 பெயரைப் போட்டும் பாருங்கள்.

இன்னொரு சிக்கல் மாவட்டப் பிரிவினை. 2019ல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும், விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சியும், காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டும் பிரிந்தன. 2020ல் நாகப்பட்டினத்திலிருந்து மயிலாடுதுறை. உங்கள் ஊர் இன்று தென்காசி மாவட்டம் என்றாலும், 2012 வழக்கைத் திருநெல்வேலியிலும் தேடிப் பார்க்க வேண்டும்.

எஃப்.ஐ.ஆர். நகல் மட்டும் போதும். எப்படி வாங்குவது?

புகார் கொடுத்தவருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இலவசமாகக் கொடுத்தே ஆக வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பி.என்.எஸ்.எஸ். சட்டத்தின் 173வது பிரிவு அப்படிச் சொல்கிறது. அந்தப் பழைய சட்டத்தின் 154லும் புகார்தாரருக்கு இந்த உரிமை இருந்தது. ‘சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்துட்டோமே’ என்பார்கள். சி.எஸ்.ஆர். என்பது உங்கள் மனுவைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். வேறு.

மற்றவர்கள் தமிழ்நாடு காவல்துறை இணையதளத்தில் பார்க்கலாம். எஃப்.ஐ.ஆர். பதிவான 24 மணி நேரத்துக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2016 செப்டம்பரில் உத்தரவிட்டது. இணைய வசதி சரியில்லாத இடங்களுக்கு 72 மணி நேரம் வரை அவகாசம். பாலியல் குற்றங்கள், போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்கான சட்டம்), பயங்கரவாதம் போன்றவற்றை ஏற்ற மாட்டார்கள். அந்த முடிவை எடுப்பவர் டி.எஸ்.பி. அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரியாக இருக்க வேண்டும்.

குற்றம் சாட்டப்பட்டவர் கோர்ட்டில் மனுப் போட்டும் வாங்கலாம். எஃப்.ஐ.ஆர். நடுவரிடம் வந்து சேர்ந்திருந்தால், மனுக் கொடுத்த இரண்டு வேலை நாட்களில் நகல் தர வேண்டும் என்று அதே தீர்ப்பில் இருக்கிறது. ஜன்னலில் இதைப் பணிவாக நினைவூட்டினால் வேலை நடக்கும்.

குற்றப்பத்திரிகையும் இணையத்தில் கிடைக்குமா?

கிடைக்காது. குற்றப்பத்திரிகைகளை எல்லோரும் பார்க்கும்படி இணையத்தில் போட முடியாது, அது பொது ஆவணம் ஆகாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

குற்றம் சாட்டப்பட்டவருக்கு நிலைமை வேறு. குற்றப்பத்திரிகை, எஃப்.ஐ.ஆர்., சாட்சிகளின் வாக்குமூலங்கள் என எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுக்க வேண்டும். புதிய சட்டத்தின் 230வது பிரிவில், அவர் கோர்ட்டில் ஆஜரான நாளிலிருந்து 14 நாளுக்குள் என்று காலக்கெடுவே இருக்கிறது. வக்கீல் வைத்திருக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். நகல் வாங்கும்போது பெஞ்ச் கிளார்க் ஒரு கையெழுத்து வாங்குவார். கையெழுத்துப் போடும் முன் பக்கங்களை எண்ணுங்கள். சாட்சி வாக்குமூலத்தில் இரண்டு பக்கம் குறைகிறது என்று ஆறு மாதம் கழித்து குறுக்கு விசாரணை அன்று சொன்னால், “நகல் பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களே” என்பார்கள்.

போலீஸ் எழுதும் கேஸ் டைரி மட்டும் யாருக்கும் நகலாகக் கிடைக்காது.

வழக்கில் சம்பந்தமே இல்லாதவர் நகல் கேட்கலாமா?

கேட்கலாம். ஆனால் கேட்டவுடன் கொடுத்துவிட மாட்டார்கள். புகார்தாரர், குற்றம் சாட்டப்பட்டவர், தீர்ப்பால் பாதிக்கப்படுகிறவர் ஆகியோர் சாதாரண நகல் மனுப் போட்டால் போதும். வெளியாள் என்றால் ‘மூன்றாம் நபர்’ மனு. எதற்காக வேண்டும் என்று பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். நீதிபதி பார்த்து அனுமதித்தால்தான் மனு நகல் பிரிவுக்கே போகும்.

காரணத்தை உருப்படியாக எழுதுங்கள். ‘சொந்தத் தேவைக்காக’ என்று எழுதியவை திரும்பி வருவதை நிறையப் பார்த்திருக்கிறேன். ‘மேற்படி விபத்து வழக்கில் சம்பந்தப்பட்ட வாகனத்தை நான் கிரயம் பெற்றுள்ளேன், பதிவுப் பெயர் மாற்றத்துக்காக இறுதித் தீர்ப்பு தேவைப்படுகிறது’ என்று எழுதினால் படித்த உடனே விஷயம் புரிகிறது.

சரி, காப்பி அப்ளிகேஷன் போடுவது எப்படி? ஒவ்வொரு படியாகச் சொல்லுங்கள்.

முதலில் வழக்கு நடக்கிறதா, முடிந்துவிட்டதா, கட்டு இப்போது எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். நடந்துகொண்டிருந்தால் கட்டு பெஞ்ச் கிளார்க்கிடம் இருக்கும். முடிந்திருந்தால் பதிவறையில். அப்பீல் போயிருந்தால் கட்டு மொத்தமாக மேல் கோர்ட்டுக்குப் போயிருக்கும். இங்கே மனுப் போட்டுப் பயனில்லை.

மனுவில் கோர்ட்டின் பெயர், வழக்கு எண், வருடம், இரு தரப்பு பெயர்கள், தீர்ப்பு தேதி, நீங்கள் யார், என்னென்ன ஆவணம் வேண்டும் என்று எழுத வேண்டும். கடைசி விஷயத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். ‘கேஸ் பேப்பர் எல்லாம்’ என்று எழுதாதீர்கள். ‘தீர்ப்பு, அ.சா.1 முதல் அ.சா.6 வரையிலான சாட்சியம், அ.சா.ஆ.1 புகார்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். அ.சா. என்றால் அரசுத் தரப்பு சாட்சி, அ.சா.ஆ. என்றால் அரசுத் தரப்பு ஆவணம். தீர்ப்பின் கடைசிப் பக்கங்களில் இவற்றின் பட்டியல் இருக்கும். அதனால் எது வேண்டும் என்று தெரியாதவர்கள் முதலில் தீர்ப்பை மட்டும் வாங்கி, அந்தப் பட்டியலைப் பார்த்து மற்றதைக் கேட்பது சிக்கனம்.

மனுவில் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி நகல் பிரிவில் கொடுத்ததும் அதற்கு ஒரு எண் போடுவார்கள். இந்த எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் அந்த ஜன்னலை விட்டு நகராதீர்கள். வழக்கு எண்ணைச் சொன்னால் அடுத்த வாரம் அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது. நகல் மனு எண்ணைச் சொன்னால் பதிவேட்டில் விரல் வைத்துச் சொல்வார்கள்.

அப்புறம் கட்டு வரவழைக்கப்பட்டு, எத்தனை பக்கம் என்று கணக்குப் பார்த்து, அதற்குரிய நகல் கட்டணத்தைச் செலுத்தச் சொல்லுவார்கள். இந்த விவரம் அறிவிப்புப் பலகையில் வரும். தபாலில் வரும் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தால் கெடு முடிந்து மனு தள்ளுபடி ஆகிவிடும். என் கண்ணெதிரிலேயே ஒரு பெரியவர், மனுக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போய் இரண்டு மாதம் கழித்து வந்தார். பலகையில் அவருடைய எண் வந்து, கெடு முடிந்து, அடுத்த பட்டியல் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. மறுபடியும் முதலிலிருந்து.

எத்தனை நாள் ஆகும்?

கட்டு உடனே கிடைத்து, கூட்டம் இல்லாவிட்டால் ஒரு வாரத்தில்கூட வந்துவிடும். பழைய வழக்கு என்றால் பதிவறையைப் பொறுத்தது. அவசரம் என்றால் அதற்கான காரணத்தோடு அவசர நகல் மனுவாகப் போடுங்கள். கட்டணத்தைப் பற்றிக் கேட்காதீர்கள், அது பக்கத்தைப் பொறுத்தது. சம்பந்தப்பட்ட நகல் பிரிவில் சொல்வதுதான் கணக்கு.

நகலின் பின்பக்கத்தில் ரப்பர் ஸ்டாம்ப் அடித்து நாலைந்து தேதி எழுதியிருக்கிறார்களே, அது எதற்கு?

மொத்தக் காகிதத்திலும் சில சமயம் அதுதான் முக்கியம். மனு கொடுத்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டணம் செலுத்திய நாள், நகல் தயாரான நாள், பெற்றுக்கொண்ட நாள் என்று இருக்கும்.

நடுவர் தண்டனை கொடுத்தால் அமர்வு நீதிமன்றத்தில் அப்பீல் செய்ய 30 நாள்; உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் என்றால் 60 நாள். நகல் வாங்குவதற்குத் தேவைப்பட்ட காலத்தைக் காலவரையறைச் சட்டத்தின் 12வது பிரிவு இந்தக் கணக்கிலிருந்து கழித்துவிடும். கோர்ட் எடுத்துக்கொண்ட நாள்தான் கழியும். நீங்கள் கட்டணம் செலுத்தாமல் இழுத்த நாளும், நகல் தயாரான பிறகு வாங்க வராமல் இருந்த நாளும் உங்கள் தலையில்தான் விழும். ஜூன் 5 மனுக் கொடுத்து, 12ல் கட்டணம் கேட்டு, நீங்கள் 19ல் கட்டி, 24ல் தயாராகி, ஜூலை 1ல் வாங்கினீர்கள் என்று வையுங்கள். 12க்கும் 19க்கும் நடுவில் போன ஒரு வாரமும், 24க்குப் பிறகு போன ஒரு வாரமும் உங்கள் கணக்கில். அப்பீல் போகும் நகலை மடிக்கும்போது இந்த ஸ்டாம்ப் கிழியாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லி எங்கள் சீனியர் குமாஸ்தா தலையில் குட்டிச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

இன்னொன்று: சிறைத் தண்டனை விதித்தால் தீர்ப்பின் ஒரு நகலைக் குற்றவாளிக்கு உடனே இலவசமாகக் கொடுக்க வேண்டும். அதற்கு மனுவும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் சுலபமாக இருக்குமே?

பலரும் பத்து ரூபாய் ஸ்டாம்பை ஒட்டி அனுப்பிவிட்டுக் காத்திருக்கிறார்கள். கோர்ட் கட்டில் உள்ள ஆவணங்களின் நகலைக் கோர்ட் விதிகளின்படி மனுப் போட்டுத்தான் வாங்க வேண்டும், ஆர்.டி.ஐ.யில் கேட்க முடியாது என்று 2020 மார்ச் மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. குஜராத் உயர் நீதிமன்றம் சம்பந்தப்பட்ட வழக்கு அது. காவல் நிலையத்திடம் கேட்க ஆர்.டி.ஐ. உதவும், விசாரணையைப் பாதிக்கும் தகவல் என்றால் அங்கேயும் மறுக்கலாம்.

ஈ-கோர்ட்ஸில் தீர்ப்பை இறக்கி பிரிண்ட் எடுத்துவிட்டேன். அது போதாதா?

படிக்கப் போதும். பாஸ்போர்ட் அலுவலகம், வேலைக்கான சரிபார்ப்பு, அப்பீல் எல்லாவற்றுக்கும் கோர்ட் முத்திரையும் அதிகாரியின் கையெழுத்தும் உள்ள சான்றிட்ட நகல் கேட்பார்கள். நகலைக் கொடுக்கப் போகிற இடத்தில் எது வேண்டும் என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு மனுப் போடுங்கள்.

‘கட்டு கிடைக்கவில்லை’ என்று சொல்லிவிட்டார்கள். அவ்வளவுதானா?

இதில் மூன்று விதம் இருக்கிறது. ஒன்று, நிஜமாகவே தேடாதது. இரண்டு, வேறு கோர்ட்டில் இருப்பது: அப்பீல், கோர்ட் பிரிந்தது, வழக்கு மாற்றப்பட்டது. மூன்று, அழிக்கப்பட்டது. குற்ற வழக்குக் கட்டுகளை விதிப்படி குறிப்பிட்ட காலம் வைத்திருந்து அழித்துவிடுவார்கள். சின்ன வழக்குகள் சீக்கிரம் போகும்.

வாயால் ‘இல்லை’ என்று சொன்னால் ஏற்காதீர்கள். மனுப் போட்டு, இல்லை என்பதை மனுவின் மேலேயே எழுதித் திருப்பித் தரச் சொல்லுங்கள். எழுதிக் கொடுக்க வேண்டும் என்றதும் சில கட்டுகள் தானாகவே கிடைத்துவிடும். ஒருமுறை நான் அலைந்த ஒரு வழக்கில் நாலு தடவை இல்லை என்று சொல்லப்பட்ட கட்டு, பக்கத்து வருட ரேக்கில் தவறாகச் செருகப்பட்டிருந்தது. எண்ணில் 6ஐ 0 என்று யாரோ படித்திருக்கிறார்கள்.

அழிக்கப்பட்டது உறுதி என்றால், வழக்குப் பதிவேட்டில் அந்த வழக்குக்கு எதிரே உள்ள பதிவின் நகலைக் கேளுங்கள். எண், பெயர், பிரிவு, என்ன முடிவு, எந்தத் தேதி என்பவை அதில் இருக்கும். முழுத் தீர்ப்பு இல்லாத இடத்தில் பல அலுவலகங்கள் இதை ஏற்கின்றன.

அபராதம் கட்டிவிட்டேன். அப்படியென்றால் என் மேல் கேஸ் எதுவும் இல்லைதானே?

இதைச் சொல்லும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் முகம் மாறுவதைப் பார்க்கிறேன். கோர்ட்டில் “குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன்” என்று சொல்லி அபராதம் கட்டினால், அது தண்டனை. சீட்டாடியதற்கு ஐந்நூறு ரூபாய் கட்டியவரும் சட்டப்படி தண்டிக்கப்பட்டவர்தான். வேலை விண்ணப்பத்தில் ‘குற்ற வழக்கில் தண்டிக்கப்பட்டதுண்டா?’ என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்று எழுதிவிட்டு, பிறகு சரிபார்ப்பில் மாட்டுகிறார்கள். அங்கே ஐந்நூறு ரூபாய் வழக்கை விட, மறைத்தார் என்பதுதான் பெரிய பிரச்சினையாகிறது. எஸ்.டி.சி. வழக்கு என்றாலும் அதன் நகலை வாங்கி, பிரிவு என்ன, முடிவு என்ன என்று தெரிந்துகொண்டு விண்ணப்பத்தை நிரப்புங்கள்.

விடுதலை ஆகிவிட்டேன். ‘விடுதலை’ என்ற ஒரு வரி போதாதா, முழுத் தீர்ப்பு எதற்கு?

எந்தக் காரணத்துக்காக விடுதலை என்பதைத்தான் படிப்பார்கள். தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணிக்கான விதி 14(பி)யில், சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்பட்டவரும் குற்ற வழக்கில் சம்பந்தப்பட்டவராகவே கருதப்படுவார் என்று விளக்கம் இருக்கிறது. போலீஸ் வேலைக்குத் தேர்வாகி, இந்த ஒரு வரியால் திரும்பி வந்த பையன்கள் எத்தனையோ பேர் ரிட் மனுப் போட்டிருக்கிறார்கள். சாட்சி பிறழ்ந்ததா, சமரசமா, அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லையா, சம்பவமே நடக்கவில்லையா என்பது தீர்ப்பின் நடுப் பத்திகளில்தான் இருக்கும். முழுவதும் வாங்குங்கள்.

பாஸ்போர்ட்டுக்கு எதைக் கொடுப்பது?

முடிந்த வழக்கு என்றால் தீர்ப்பின் சான்றிட்ட நகல். நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட் சட்டத்தின் 6(2)(எஃப்) பிரிவில் மறுக்க இடம் உண்டு. ஆனால் 1993ல் வந்த அறிவிப்பின்படி, வழக்கை விசாரிக்கும் கோர்ட்டில் அனுமதி உத்தரவு வாங்கிக் கொடுத்தால் பாஸ்போர்ட் தருவார்கள். உத்தரவில் எத்தனை வருடத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஒரு வருடத்துக்குத்தான் கிடைக்கும். வக்கீலிடம் காலத்தைக் குறிப்பிட்டே மனுப் போடச் சொல்லுங்கள்.

போலீஸே வழக்கை முடித்துவிட்டதாகச் சொல்கிறார்கள். அதற்குக் காகிதம் உண்டா?

உண்டு. ‘பொருண்மைப் பிழை’, ‘மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது’ என்றெல்லாம் எழுதி ஸ்டேஷன் நடுவரிடம் இறுதி அறிக்கை தரும். வழக்கு இப்படி முடிக்கப்பட்டது என்று புகார்தாரருக்குத் தெரிவிக்கும் ஆர்.சி.எஸ். நோட்டீஸ் வரும். ஸ்டேஷன் சொல்வதோடு நின்றுவிடாமல், அந்த அறிக்கையை நடுவர் ஏற்று உத்தரவு போட்டாரா என்று பாருங்கள். அந்த உத்தரவின் நகல்தான் உங்களுக்கு வேண்டியது. கோர்ட்டுக்கே போகாமல் ஸ்டேஷன் அலமாரியில் கிடக்கும் ‘முடிந்த’ வழக்குகள் ஏராளம்.

என் பெயரில் உள்ள வேறு யாரோ ஒருவருடைய வழக்கு என்னுடையது என்று கம்பெனியில் சொல்கிறார்கள்.

பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் பெயரை மட்டும் வைத்துத் தேடுவதால் வரும் வினை. ‘கார்த்திக்’ என்று தேடினால் ஒரு மாவட்டத்திலேயே எத்தனை வரும்! அந்த வழக்கின் தீர்ப்பு அல்லது குற்றப்பத்திரிகையின் முதல் பக்கத்தில் தகப்பனார் பெயர், வயது, முகவரி இருக்கும். மூன்றாம் நபர் மனுவில் இந்தக் காரணத்தை அப்படியே எழுதி, கம்பெனி அனுப்பிய கடிதத்தையும் ஆதாரையும் இணைத்துக் கேளுங்கள். நான் பார்த்தவரை நீதிபதிகள் இதை மறுப்பதில்லை.

போக்சோ, பாலியல் வழக்குகளின் ஆவணங்கள்?

பாதிக்கப்பட்டவரை அடையாளம் காட்டும் எதுவும் வெளியே போகக் கூடாது என்பது சட்டம். வெளியாள் கேட்டால் கிடைக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்டவர் தரப்பு வாங்கிய நகலையும் வாட்ஸாப்பில் யாருக்கும் அனுப்பக் கூடாது. சிறுவர்கள் மேல் குற்றம் சாட்டிய வழக்குகள் இளைஞர் நீதிக் குழுமத்தில் இருக்கும். அந்த ஆவணங்களும் ரகசியம். சிறு வயதில் நடந்த தவறு பின்னாளில் தகுதியிழப்பாகத் தொடரக் கூடாது என்று இளைஞர் நீதிச் சட்டத்தின் 24வது பிரிவு சொல்கிறது.

விடுதலை ஆன பிறகும் இணையத்தில் தேடினால் என் பெயர் வருகிறது. நீக்க முடியுமா?

இன்னும் முடிவாகாத விஷயம். இப்படி ஒரு கோரிக்கையை 2021ல் சென்னை உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி ஏற்கவில்லை. 2024 பிப்ரவரியில் இரு நீதிபதிகள் அமர்வு பெயரை மறைக்கச் சொன்னது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. முடிவு தெரியும் வரை விடுதலைத் தீர்ப்பின் சான்றிட்ட நகலைக் கையில் வைத்திருங்கள்.

வக்கீல் வைக்கக் காசில்லை.

நகல் மனுவுக்கு வக்கீல் கட்டாயம் இல்லை, நீங்களே போடலாம். எழுதத் தெரியாவிட்டால் ஒவ்வொரு கோர்ட் வளாகத்திலும் சட்டப் பணிகள் ஆணைக்குழு அல்லது வட்டக் குழு அலுவலகம் இருக்கும். பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச உதவி. தொலைபேசி எண் 15100.

ஜன்னலில் ‘டீ காசு’ கேட்கிறார்கள்.

கொடுக்க வேண்டியதில்லை. நேரில் சண்டை போடாமல், நகல் மனு எண்ணோடு கோர்ட் அலுவலகத் தலைமை ஊழியரான சிரஸ்தாரிடம் போய் “என் மனு எந்த நிலையில் இருக்கிறது?” என்று கேளுங்கள். பெரும்பாலும் அதிலேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் மாவட்ட முதன்மை நீதிபதிக்கு எழுத்தில் புகார். டீ காசு கேட்காத ஊழியர்கள்தான் எங்கள் வளாகத்தில் அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆள் பற்றாக்குறையில் ஒருவரே மூன்று பேர் வேலையைப் பார்க்கிற பிரிவு அது.

நகல் கைக்கு வந்துவிட்டது. உடனே பார்க்க வேண்டியது என்ன?

ஜன்னலை விட்டு நகராமல் அங்கேயே நின்று பாருங்கள். எல்லாப் பக்கத்திலும் முத்திரை இருக்கிறதா, கடைசிப் பக்கத்தில் ‘உண்மை நகல்’ என்று எழுதிக் கையெழுத்து இருக்கிறதா, உங்கள் பெயரும் தகப்பனார் பெயரும் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா? மூலத் தீர்ப்பிலேயே பெயர் தவறு என்றால் நகல் பிரிவால் திருத்த முடியாது, அதற்குத் தனி மனு வேண்டும். நகலெடுத்ததில் பிழை என்றால் அங்கேயே திருத்திச் சுருக்கொப்பம் போட்டுத் தருவார்கள். பிறகு நேராக ஜெராக்ஸ் கடைக்குப் போய் இரண்டு பிரதி எடுங்கள், போனில் படமும் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பிவிடுங்கள். சி.என்.ஆர். எண்ணையும் நகல் மனு எண்ணையும் உறையின் மேல் பேனாவால் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பென்சில் வேண்டாம்.